எங்கள் வீட்டுத் தகரத்தின் வரலாறு

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் அன்றைக்கே மலைக்கும் வந்துவிட்டது. அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த தைலமரத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்து கூரைமேல் விழுந்தது. அம்மாவும் நானும் அடுப்படியில் இருந்தோம். அந்தச் சத்தத்தை எழுத எனக்கு இன்னும் வார்த்தை கிடைக்கவில்லை.

கிளை விழுந்த இடம் வீட்டுக்கூரையும் பூண்டுக் கொட்டகையின் கூரையும் சேரும் இடம். வீட்டின்மேல் இருந்தது தாத்தா காலத்துத் தகரம். இடித்த ஒரு பங்களாவிலிருந்து அவர் பழைய விலைக்கு வாங்கிப் போட்டது. அடிப்பக்கத்தில் மங்கலான நீலத்தில் 'இங்கிலாந்து' என்ற ஒரு சொல் மட்டும் வாசிக்கிற மாதிரி இருக்கும். கொட்டகைமேல் இருந்தது ஏழெட்டு வருசத்துக்கு முன்னால் வாங்கிய புதிய நிறப்பூச்சு ஷீட். மெல்லிசு, பச்சை நிறம், பார்க்க அழகு. ஒரே கிளைதான். பழைய தகரம் தொட்டில் மாதிரி குழிந்து கிளையைத் தாங்கி நின்றது. புதியது திருகாணி போட்ட இடங்களில் கிழிந்து, ஒரு மடிப்பில் நீளமாகப் பிளந்துபோயிருந்தது.

மூன்று நாள் கழித்துத் தகரக்கார மாமா வந்தார். சொந்தமில்லை, ஆனால் மாமாதான். பூவாளி, புகைபோக்கி, கூரை ஓரத்துப் பீலி என்று இந்தப் பக்கத்தில் தகரத்தில் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தவர். குழிந்த பழைய தகரத்தைக் கழற்றித் தரையில் கவிழ்த்துப் போட்டுக் கொட்டாப்புளியால் தட்டினார். ஒரு மணிநேரத்தில் அலை அலையாகப் பழைய வடிவம் திரும்பிவிட்டது. புதிய ஷீட்டைக் கையில் எடுத்து ஓரத்தை மடித்துப் பார்த்தார். மடிப்பின் முதுகில் பொடிப்பொடியாக வெடிப்பு விட்டது.

"இதுக்கு வளையத் தெரியாது பாப்பா. பலமெல்லாம் பலந்தான். ஆனா வளையத் தெரியாது."

நான் வரலாறு படித்தவள். வளையத் தெரியாத பலம் என்று ஒருத்தர் சொன்னதும் அது எப்போது வந்தது, யார் கொண்டுவந்தது என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும். அப்படித் தேடப் போனதில் சேர்ந்தது இந்தக் கட்டுரை.

முதலில் பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. தகரம் என்றால் சங்க இலக்கியத்தில் பெண்கள் கூந்தலுக்குப் பூசிய வாசனைப் பொருள். பிறகு அதே சொல் வெள்ளீயத்துக்கும் பெயரானது. வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டில் எண்ணெய் டின்கள் வந்தபோது அவற்றையும் தகரம் என்றோம். அதுவரை சரி. ஆனால் நம் கூரைத் தகரத்தில் வெள்ளீயம் கிடையாது. மேலே இருப்பது துத்தநாகம், உள்ளே இருப்பது இரும்பு. தகரக் கூரையில் தகரம் மட்டும்தான் இல்லை.

துத்தநாகம் என்ற சொல்லும் ஊர் சுற்றிய சொல்தான். போர்த்துக்கீசிய வணிகர்கள் அதை 'துத்தெனாகா' என்று எழுதினார்கள், ஆங்கிலேயர் 'டூடெனாக்' ஆக்கினார்கள். நம் சித்த மருத்துவத்தில் நாகம் என்றாலே துத்தநாகம்தான். நாக பற்பம் அதில் செய்வது. வடக்கே ஆயுர்வேதத்தில் நாகம் என்றால் காரீயம். மருந்துக் கடையில் கொஞ்சம் கவனமாக இருக்கவேண்டிய இடம்.

இந்த உலோகத்தை எடுப்பது லேசான வேலையில்லை. தாதுவை இரும்பு, செம்பு மாதிரி உருக்கி எடுக்க முடியாது. தாதுவிலிருந்து பிரிவதற்கு 1000 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஆனால் துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பிரிந்த கணமே புகையாகப் பறந்து, காற்றுப் பட்டதும் வெள்ளைச் சாம்பலாகிவிடும். ராஜஸ்தானில் உதயப்பூருக்குத் தெற்கே ஜாவர் என்ற இடத்தில் இதற்கு வழி கண்டுபிடித்தார்கள். கத்தரிக்காய் வடிவ மண்குடுவையில் தாதுவை அடைத்து, வாயில் ஒரு குழாயைப் பொருத்தி, தலைகீழாகக் கவிழ்த்து மேலே தீ மூட்டுவது. ஆவி மேலே போக வழியில்லாமல் குழாய் வழியே கீழிறங்கி, குளிர்ந்த பாத்திரத்தில் சொட்டுச் சொட்டாக விழும். இடைக்காலத்தில் பல நூற்றாண்டுகள் இது பெரிய தொழிலாக நடந்தது. பயன்படுத்தித் தூக்கிப்போட்ட மண்குடுவைகள் அங்கே இன்றும் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. அவற்றை வைத்துச் சுவர் கட்டியிருக்கிறார்கள்.

ஐரோப்பாவில் 1738-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தைச் சேர்ந்த வில்லியம் சாம்பியன் இதே மாதிரி கீழ்நோக்கி வடிக்கிற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஜாவர் முறையைக் கேள்விப்பட்டுத்தான் செய்தாரா என்று ஆய்வாளர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பிரிஸ்டல் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

1829-ல் லண்டன் துறைமுகத்தில் பொறியாளராக இருந்த ஹென்றி ராபின்சன் பாமர், இரும்புத் தகட்டை அலை அலையாக நெளிக்கிறதற்குக் காப்புரிமை எடுத்தார். கேட்டால் சின்ன விஷயம்தான். ஒரு காகிதத்தை இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலம் மாதிரி வைத்துப் பாருங்கள், தொய்ந்து விழும். அதையே விசிறி மாதிரி மடித்து வையுங்கள், மேலே ஒரு செல்போனையே வைக்கலாம். இரும்பை மாற்றாமல் வடிவத்தை மட்டும் மாற்றி அதைப் பலமாக்கினார் பாமர். ஆனால் நெளிக்கவேண்டும் என்றால் முதலில் அது நெளியக்கூடியதாக இருக்கவேண்டும். தகரத்தின் முதல் பலம் அதன் மென்மையிலிருந்து வந்தது. மாமா சொன்னதை நான் புரிந்துகொண்டது இந்த இடத்தில்தான்.

பலம் வந்துவிட்டது, துரு போகவில்லை. 1837-ல் பிரான்சில் ஸ்டானிஸ்லாஸ் சோரெல் என்பவர் இரும்பைச் சுத்தம் செய்து உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பதற்குக் காப்புரிமை பெற்றார். தவளைக்காலை மின்சாரத்தால் துடிக்கவைத்த கால்வானியின் பெயரை அதற்கு வைத்தார். கால்வானி இறந்து அப்போது 38 வருசத்துக்கு மேல் ஆகியிருந்தது, அவருக்கும் தகரத்துக்கும் நேரடி சம்பந்தம் எதுவும் இல்லை. ஆனால் பெயருக்கு ஒரு நியாயம் உண்டு. துத்தநாகம் இரும்பை வெறுமனே போர்த்தவில்லை. இரண்டும் ஈரத்தில் சேர்ந்திருக்கும்போது ஒரு சின்ன பேட்டரி உண்டாகிறது, அதில் துத்தநாகம்தான் கரையும். கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும் பக்கத்திலிருக்கும் துத்தநாகம் தன்னைக் கொடுத்து அதைக் காக்கும். பெயின்ட் இதைச் செய்யாது. பெயின்டில் கீறல் விழுந்தால் துரு உள்ளே புகுந்து அடியிலேயே பரவும்.

பாமரின் அலையும் சோரெலின் பூச்சும் சேர்ந்ததுதான் கூரைத் தகரம். 1857-ல் பிரிஸ்டலில் ஜான் லைசாட் என்பவர் துத்தநாகம் பூசும் சிறிய தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் மற்ற காலனிகளுக்கும் கப்பல் கப்பலாகத் தகரம் போனது. தகரத்தில் எனக்குப் பிடித்த குணம், ஒன்றின்மேல் ஒன்று அப்படியே பொருந்தி உட்காரும். கப்பலில் இடம் அடைக்காது. பேரரசுக்கு ஏற்ற சரக்கு.

கொடைக்கானலில் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியது 1845-ல். லாஸ் காட் சாலை முழுதாக முடிந்தது 1914-ல். நடுவே எழுபது வருசம். அந்தக் காலத்தில் மேலே வந்த பெட்டி, பியானோ, கண்ணாடி, துரைசாணி எல்லாம் ஆள் சுமந்து வந்ததுதான். ஆக 1914-க்கு முன்னால் இந்த மலைக்கு ஏறிய தகரம் எதுவானாலும் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூர் வழியாக ஒரு தலையிலோ ஒரு மாட்டின் முதுகிலோ ஏறியிருக்கும். எட்டடி நீளத் தகரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு காற்றடிக்கிற வளைவில் திரும்புவதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அவர்கள் பெயர் எந்தத் தகரத்திலும் அச்சடிக்கப்படவில்லை.

இந்தியாவிலேயே தகரம் செய்யலாமே என்றால், அது அரசியலானது. ஜாம்ஷெட்பூரில் டாடா ஆலை 1920-களில் தகடு செய்யத் தொடங்கியது. அந்த ஆலை நிற்கவேண்டுமென்று 1924-ல் வெளிநாட்டு எஃகுக்கு வரி போட்டுப் பாதுகாத்தார்கள். பிறகு 1932-ல் ஒட்டாவா ஒப்பந்தத்தையொட்டி, துத்தநாகம் பூசிய தகட்டுக்கு மூன்று விதமான வரி வந்தது. பிற நாட்டுத் தகரத்துக்கு அதிக வரி, பிரிட்டிஷ் தகரத்துக்குக் குறைந்த வரி, இந்திய இரும்புப் பாளத்தை வாங்கிக்கொண்டுபோய் பிரிட்டனில் தகடாக்கித் திருப்பி அனுப்பிய தகரத்துக்கு எல்லாவற்றிலும் குறைந்த வரி. இரும்பு இங்கிருந்து கப்பலேறிப் போய், தகடாகி, பூச்சு வாங்கி, முத்திரை குத்திக்கொண்டு இங்கேயே திரும்பி வருவதற்குச் சட்டமே வழி செய்தது. எங்கள் கூரையின் அடிப்பக்கத்து நீல எழுத்தை அதற்கப்புறம் நான் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

பூச்சு எப்படிப் பிடிக்கிறது என்பது சமையலறையோடு சம்பந்தப்பட்ட விஷயம். ஈயம் பூசுகிறவர் தெருவில் வந்து நீங்கள் பார்த்திருந்தால் பாதி புரிந்துவிட்டது என்று அர்த்தம். பித்தளைப் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை எழும். ஈயத்தைத் தொட்டுப் பஞ்சால் துடைத்தால் கண்ணாடி மாதிரி பரவும். நவச்சாரம் உலோகத்தின் மேல் படிந்திருக்கும் களிம்பைத் தின்றுவிடுகிறது. அப்போதுதான் ஈயம் ஒட்டும். தகரத் தொழிற்சாலைகளிலும் இதேதான். அமிலத்தில் கழுவி, நவச்சாரம் கலந்த கரைசலில் நனைத்து, தகடு தகடாகத் துத்தநாகத் தொட்டியில் முக்கினார்கள். பூச்சு கனமாக ஏறும். ஆனால் இரும்பும் துத்தநாகமும் சேருமிடத்தில் ஒரு கலப்பு அடுக்கு உண்டாகும், அது ஓடு மாதிரி நொறுங்கும். அதனால் முதலில் நெளித்துவிட்டுப் பிறகு பூசுவதும் உண்டு.

இதை மாற்றியவர் ததேயுஷ் சென்ட்சிமிர். லிவூவ் நகரத்தில் பிறந்த போலந்துக்காரர். ஷாங்காயில் ஆணித் தொழிற்சாலை நடத்திக்கொண்டிருந்தபோது துருவோடு மல்லுக்கட்டியவர். நவச்சாரத்தையே தூக்கிப்போட்டார். எஃகுத் தகட்டை நீண்ட நாடாவாக உலைக்குள் ஓடவிட்டு, ஹைட்ரஜன் வாயுவால் அதன் மேற்பரப்பைச் சுத்தம் செய்து, காற்றே படாமல் நேராகத் துத்தநாகத் தொட்டிக்குள் இறக்கினார். 1933-ல் போலந்தில் முதல் தொழிற்சாலை, 1936-ல் அமெரிக்காவின் பட்லர் நகரில் அடுத்தது. கூடவே ஒரு கைப்பக்குவமும் சேர்ந்துகொண்டது. தொட்டியில் நூற்றில் கால் பங்குக்கும் குறைவாக அலுமினியம் போட்டால், அது முந்திக்கொண்டு இரும்போடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய தடுப்பை உண்டாக்கும். அந்த நொறுங்கும் அடுக்கு வளராது. பிறகு தகட்டை மடித்தாலும் பூச்சு உதிராது. சாம்பாருக்குப் பெருங்காயம் போடுகிற அளவுதான். ஆனால் நம் பக்கத்துத் தகரக்காரர்கள் மடித்து மடித்து வாளி செய்து பிழைத்தது இந்தச் சிட்டிகையால்.

சின்ன வயதில் வாளியின் மேல் பனிப்பூ மாதிரி மின்னும் கோலங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒவ்வொன்றும் துத்தநாகம் உறைந்து வளர்ந்த ஒரு படிகம். தொட்டியில் கொஞ்சம் காரீயம் கலந்திருந்தால் பூ பெரிதாக விரியும். காரீயத்தைக் குறைத்ததும் பூவும் சிறுத்துப்போனது. இப்போது வரும் தகட்டில் பூவே தெரிவதில்லை. நல்லதுதான், ஆனாலும் ஒரு குறை.

எங்கள் மலைக்குத் துத்தநாகம் பொருந்துமா? காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்தது. துருவைப் படிப்பதற்கென்றே அவர்கள் மண்டபத்தில் கடலோரமாக ஒரு நிலையம் வைத்து, உலோகத் தகடுகளை வெயிலிலும் உப்புக்காற்றிலும் வருசக்கணக்கில் காயப்போட்டு எடை பார்த்தார்கள். நாட்டின் எந்த ஊரில் எவ்வளவு வேகமாக உலோகம் அரிக்கும் என்று வரைபடமே போட்டார்கள். மண்டபம் மாதிரியான கடுமையான கடலோரத்தில் துத்தநாகம் வருசத்துக்கு 4 முதல் 8 மைக்ரான் வரை கரையலாம். உப்பும் ஆலைப்புகையும் இல்லாத இடத்தில் ஒரு மைக்ரான்கூடக் கரையாது. சதுர மீட்டருக்கு 275 கிராம் என்கிற நல்ல பூச்சு, இரண்டு பக்கமும் பிரித்தால் பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. அது அங்கே இரண்டரை முதல் ஐந்து வருசம், இங்கே ஒரு தலைமுறைக்குக் குறையாது.

ஆனால் கொடைக்கானல் மஞ்சுக்கு வேறொரு குணம். துத்தநாகம் நனைந்து காய்ந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கினால்தான் மேலே கெட்டியான ஒரு தோல் உண்டாகும். காயவே விடாமல் நனைந்தபடி வைத்தால் வெள்ளை மாவு மாதிரி பூக்கும். அடுக்கி வைத்த புதுத் தகரத்தின் நடுவே மஞ்சு புகுந்துவிட்டால் ஒரே மழைக்காலத்தில் வெள்ளைத் துரு பிடித்துவிடும். பூண்டுக் கொட்டகை இன்னும் மோசம். கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டுக் கீழே புகை போடுவோம். புகையும் ஈரமும் கூரையின் அடிப்பக்கத்தில் வேர்த்துச் சொட்டும். நம் கொட்டகைத் தகரம் எப்போதும் கீழிருந்துதான் சாகும்.

அதனால்தான் அப்பா புதிய வகை ஷீட்டுக்கு மாறினார். அதிலிருப்பது வெறும் துத்தநாகம் இல்லை. எடையில் 55 பங்கு அலுமினியம், 43 சொச்சம் துத்தநாகம், ஒன்றரைப் பங்கு சிலிக்கான். அமெரிக்காவில் பெத்லகேம் ஸ்டீல் 1972-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அலுமினியம் மறைக்கும், துத்தநாகம் தன்னைக் கொடுத்துக் காக்கும், இரண்டு குணமும் சேர்ந்தது. 1976-ல் இதே பூச்சை ஆஸ்திரேலியாவில் விற்கத் தொடங்கியது யார் தெரியுமா? பிரிஸ்டல் லைசாட்டின் வாரிசு நிறுவனம். அதன் வழிவந்த புளூஸ்கோப், 2005-ல் டாடாவோடு கூட்டுச் சேர்ந்தது. லைசாட் என்ற பெயர் இன்றைக்கு ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும் கூரையாக வருகிறது.

பூச்சு நல்ல பூச்சு. சிக்கல் உள்ளே இருந்த எஃகில். எஃகைக் குளிர்நிலையில் உருட்டி மெல்லிசாக்கும்போது அது இறுகிப்போகும். வழக்கமாக அதைச் சூடாக்கி மறுபடி இளக வைப்பார்கள். இந்த வகைக் கூரைத் தகட்டில் முழுசாக இளகவிடாமல், இறுகியபடியே பூச்சுக்கு அனுப்பிவிடுவார்கள். சதுர மில்லிமீட்டருக்கு 550 நியூட்டன் தாங்கும், பழைய தகரத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் மெல்லிசாகப் போடலாம். 0.63 மி.மீ. தகரம் சதுர மீட்டருக்கு 5 கிலோ, 0.45 மி.மீ. என்றால் மூன்றரைக் கிலோ. மலைக்கு ஏற்றுகிற லாரிக்கூலியும் கைக்காசும் மிச்சம். அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை.

விலை எங்கே கொடுத்தோம் என்றால், இழுவையில். பழைய மெத்தென்ற எஃகில் ஒரு அடித் துண்டை இழுத்தால் அறுவதற்குமுன் மூன்றங்குலத்துக்கு மேல் நீளும். இது கால் அங்குலம். ஆலையில் உருளைகளுக்கு நடுவே நிதானமாக அகலமான வளைவாக நெளித்தால் கேட்கும். கொட்டாப்புளியால் ஓரத்தை இரட்டை மடிப்பாக மடித்தால் வெடிக்கும். பூவாளி, பீலி, புகைபோக்கி எல்லாம் மடிப்பால் ஆனவை. ஒரு மனிதரின் முழுத் தொழிலும் அந்தக் கால் அங்குலத்தில் முடிந்துபோனது. பிளாஸ்டிக் ஒரு காரணம், இது இன்னொரு காரணம். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. கூரைக்கு வளையத் தேவையில்லை என்று எங்கோ ஒரு கணக்கில் முடிவானது, அவ்வளவுதான்.

வளையத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தது கார். கதவும் தூணும் சிக்கலான வடிவம், மோதினால் ஆளைக் காக்கவேண்டும், எடையும் குறையவேண்டும், துருவும் பிடிக்கக்கூடாது. மூன்றையும் ஒரே தகட்டில் கேட்டார்கள். அதற்கு வந்த பதில்களில் ஒன்று டூயல் ஃபேஸ் எஃகு. 750, 800 டிகிரிக்குச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்தால், மெத்தென்ற இரும்புக்கு நடுவே கெட்டியான சின்னச் சின்னத் தீவுகள் நிற்கும். கடலைமிட்டாயைத் தலைகீழாக யோசியுங்கள். பாகு இளகலாக இருக்கிறது, கடலை மட்டும் கடினம். வளைக்கும்போது பாகு வளைகிறது, பலத்தைக் கடலை கொடுக்கிறது. 590 நியூட்டன் தாங்கினாலும் இருபது சதவீதத்துக்கு மேல் நீளும்.

இதற்குத் துத்தநாகம் பூசுவதில்தான் கஷ்டம். சட்டென்று குளிரவேண்டிய தகடு, வழியில் 460 டிகிரி தொட்டிக்குள் இறங்கி நின்றுவிட்டு வரவேண்டும். அந்த இடைநேரத்தில் தீவுகள் வேறாக மாறிவிடக்கூடாது என்று மாங்கனீசு, குரோமியம் சேர்க்கிறார்கள். சேர்த்தால் அந்த மாங்கனீசும் சிலிக்கானும் உலையில் மேலே வந்து களிம்பாகப் படிகின்றன. இரும்பைச் சுத்தம் செய்யும் ஹைட்ரஜனுக்கு இவை மசியாது. துத்தநாகம் ஒட்டாமல் சொட்டை சொட்டையாக விட்டுவிடும். உலைக்குள் இருக்கும் ஈரத்தின் அளவைக் கூட்டிக் குறைத்து, களிம்பு மேலே படியாமல் எஃகின் தோலுக்கு உள்ளேயே உண்டாகும்படி செய்வது இப்போதைய வழிகளில் ஒன்று. பலம் கூடக் கூடப் பூச்சு கைவிடும், பூச்சைப் பிடித்தால் பலம் நழுவும். உலகத்து எஃகு ஆலைகள் இன்னும் இந்த இழுபறியில்தான் இருக்கின்றன. நவச்சாரம் தூவிய கிழவருக்கு இருந்த அதே பிரச்சினை: மேலே களிம்பு இருந்தால் ஒட்டாது.

கொட்டகைக்கு நாங்கள் மறுபடியும் மெல்லிய ஷீட்டைத்தான் போட்டோம். கனத்த தகரம் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. தட்டி எடுத்த பழைய தகரம் வீட்டின்மேல் அதே இடத்தில் இருக்கிறது, குழிந்த அடையாளத்தோடு.

மாமாவின் மகன் ஒரகடம் பக்கம் கார் பாகங்கள் அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிறான். போன பொங்கலுக்கு வந்தபோது கழிவுத் தொட்டியிலிருந்து ஒரு துண்டு தகடு கொண்டுவந்திருந்தான். சாம்பல் நிறம், பூவே இல்லை, உள்ளங்கை அகலம். நான் இதெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்து மாமா என்னைக் கூப்பிட்டுவிட்டார். துண்டை இடுக்கியில் கவ்வக் கொடுத்துக் கொட்டாப்புளியால் ஓங்கி அடித்தார். மடிந்தது. கையை எடுத்ததும் கொஞ்சம் திமிறிக்கொண்டு நிமிர்ந்தது. இன்னும் இரண்டு அடி அடித்துப் படிய வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மடிப்பின் முதுகை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார்.

"வெடிக்கல."

கொஞ்சநேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு மகனைப் பார்த்து, "இதுல எட்டுக்கு மூணு ஷீட்டு எங்கிட்டுடா கெடைக்கும்?" என்றார்.

"அப்பா, இது கடைக்கெல்லாம் வராதுப்பா."